முதலில் காலடியைப் பாருங்கள்: ஜப்பானிய ராட்சத மிருகப் படங்களுக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய ராட்சத மிருகப் படங்கள் என்று பேச்செடுத்தாலே எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "ரப்பர் உடை போட்ட ஆள் அட்டைக் கட்டடங்களை மிதிப்பாரே, அதுதானே?" என்பார். அதுதான். மறைக்க ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாக இந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உடைக்குள் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை மறக்க முயன்ற வரை எனக்கு அவை பிடிபடவில்லை. அந்த ஆள் என்ன செய்கிறார் என்று கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டன.

புதிதாக வருகிறவரை மிரட்டும் இன்னொன்று எண்ணிக்கை. தோஹோ நிறுவனம் 1954 முதல் 2023 வரை நடிகர்களை வைத்து எடுத்த காட்ஸில்லா படங்கள் மட்டுமே முப்பது. அனிமேஷன் படங்கள் மூன்று தனி. ரோடன், மோத்ரா என்று தனிப்படம் கண்ட மிருகங்கள், போட்டி நிறுவனமான தையேய் வளர்த்த கமேரா என்ற ஆமை, ஹாலிவுட் எடுத்தவை எல்லாம் சேர்ந்தால் ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்து முடிப்பது என்று சபதம் எடுத்து உட்கார்ந்தவன் நான். 1960களின் கடைசியில் தரைதட்டி நின்றேன். ஆகவே கீழே நான் சொல்வது கால வரிசை அல்ல, ருசி வரிசை. வாரத்துக்கு ஒரு படம் போதும்.

இரண்டு சொற்களைத் தெரிந்துகொண்டு போகலாம். ராட்சத மிருகத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'கைஜு'. விசித்திரமான மிருகம் என்று பொருள். அதைத் திரையில் நடமாட வைக்கும் தந்திரக் கலைக்கு 'தொகுசத்சு' என்று பெயர்.

முதல் படி: கண்ணைப் பழக்குவது

பொம்மலாட்டத்தில் நூல் தெரிகிறதே என்று யாரும் எழுந்து போவதில்லை. நூல் தெரியும், கை தெரியும், ஆனாலும் பொம்மை அழுதால் நமக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தப் படங்களுக்கும் அதே கண்தான் வேண்டும்.

முதல் காட்ஸில்லா படத்தின் தந்திரக் காட்சிகளுக்குத் தலைவர் எய்ஜி த்சுபுராயா 1933ஆம் ஆண்டின் கிங் காங் படத்தைப் பார்த்து மயங்கியவர். காங் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் பிடித்த படம் அது. அதே முறையில் காட்ஸில்லாவை எடுக்கத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் கணக்குப் போட்டால் ஏழு வருடம் ஆகும் என்று வந்தது. கையில் இருந்ததோ சில மாதங்கள். அதனால் ஓர் ஆளுக்கு உடை தைத்து மாட்டிவிட்டார்கள்.

அந்த ஆள் ஹருவோ நகாஜிமா. முதல் உடை ஏறத்தாழ நூறு கிலோ. அதற்குள் நின்றுகொண்டு, விளக்குகளின் சூட்டில் சில நிமிடம் நடப்பதே பெரும்பாடு. மிருகம் எப்படி நடக்கும் என்று கற்றுக்கொள்ள அவர் தோக்கியோவின் உவேனோ உயிரியல் பூங்காவுக்குப் போய் யானைகளையும் கரடிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பதினெட்டு ஆண்டுகள் அந்த வேடம் அவருடையதாகவே இருந்தது.

எனவே முதல் பயிற்சி இதுதான்: காட்ஸில்லா வரும் காட்சியில் முகத்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். பாதம் தரையைத் தொட்டபின் உடம்பின் பாரம் அதன்மேல் இறங்கச் சற்று நேரம் ஆகும். அந்தத் தாமதத்தில்தான் ஐம்பது மீட்டர் உயரம் இருக்கிறது. கேமராவை வேகமாக ஓடவிட்டுப் பிடித்து, இயல்பான வேகத்தில் திரையிடுவார்கள். அசைவு மெதுவாகி, இடியும் சுவரின் தூள்கூடக் கனமாக விழும். கேமராவைத் தாழ வைத்து அண்ணாந்து பார்க்க வைப்பது இன்னொரு தந்திரம். இவை பிடிபட்டுவிட்டால் ரப்பர் உங்களை உறுத்தாது. ரப்பராகவேதான் தெரியும், ஆனால் உறுத்தாது.

இரண்டாம் படி: 1954, விளக்கை அணைத்துவிட்டு

தொடங்க வேண்டிய படம் 1954இல் வந்த முதல் காட்ஸில்லாதான். ஜப்பானியப் பெயர் கோஜிரா; கொரில்லாவைக் குறிக்கும் 'கோரிரா'வையும் திமிங்கலத்தைக் குறிக்கும் 'குஜிரா'வையும் ஒட்டிச் செய்த பெயர். கருப்பு வெள்ளை, 96 நிமிடம்.

பார்ப்பதற்கு முன் ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். 1954 மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துச் சோதித்தது. அபாய எல்லைக்கு வெளியேதான் இருக்கிறோம் என்று நம்பி டூனா மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மழையாகப் பெய்தது. படகின் பெயர் 'அதிர்ஷ்ட டிராகன் எண் 5'. அதில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். ஆறு வாரம்கூட முடியவில்லை, நவம்பர் 3ஆம் தேதி படம் திரைக்கு வந்தது. முதல் காட்சியே ஒரு படகு. கடல் பளீரென்று வெளுக்கிறது. தியேட்டரில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா ராணுவத்தில் வருடக்கணக்கில் இருந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர். காட்ஸில்லா நகரத்தை எரிக்கும் நேரத்தில் அவருடைய கேமரா கீழே இறங்கிவிடுகிறது. தெருவோரத்தில் ஒரு தாய் குழந்தைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள். சீக்கிரமே அப்பாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அவர்களிடம் சொல்கிறாள். அப்பா போரில் போனவர் என்று படம் எங்கும் சொல்வதில்லை. 1954இல் சொல்லவும் வேண்டியதில்லை. மறுநாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சுமானியைக் கொண்டுபோகிறார்கள், அது கரகரக்கிறது, அதைப் பிடித்திருப்பவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். இந்த இரண்டு காட்சிகளுக்காகவே நான் இதை மிருகப் படம் என்று சொல்லத் தயங்குவேன்.

காட்ஸில்லாவின் தலையைப் பார்க்க ஏறத்தாழ இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் பார்க்காதீர்கள். நல்ல இயர்போனாவது மாட்டிக்கொள்ளுங்கள். அந்த உறுமல் எந்த மிருகத்துடையதும் அல்ல. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேவின் யோசனைப்படி, டபுள் பேஸ் வாத்தியத்தின் தளர்த்திய நரம்பைப் பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து, பதிவுசெய்த ஒலியின் வேகத்தைக் குறைத்து உண்டாக்கியது. இஃபுகுபே பல்கலைக்கழகத்தில் படித்தது காட்டியல். இசையைத் தானே கற்றுக்கொண்டவர். அவருடைய அணிவகுப்பு மெட்டை ஒருமுறை கேட்டால் பல் துலக்கும்போதுகூட அது ஓடும், எச்சரிக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தப் படத்தை வாங்கிய அமெரிக்க விநியோகஸ்தர்கள் பல காட்சிகளை வெட்டிவிட்டு, ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து 1956இல் வேறொரு படமாக வெளியிட்டார்கள். அவர் ஜப்பானிய நடிகர்களோடு நடிக்கவே இல்லை. முதுகு காட்டி நிற்கும் மாற்று ஆட்களோடு பேசினார். ஒரு கடையில் வாங்கிய குறுந்தட்டில் நான் முதலில் பார்த்தது அதைத்தான் என்பது வெகுநாள் கழித்தே எனக்குத் தெரிந்தது. அடையாளம் சுலபம்: ஓடும் நேரம் 80 நிமிடம் என்று காட்டினாலோ, கோட்டு போட்ட அமெரிக்கர் கதை சொல்லத் தொடங்கினாலோ நிறுத்திவிடுங்கள். பொதுவாகவே ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் உள்ள பிரதியைத் தேடுங்கள். பழைய ஆங்கில மொழிமாற்றங்கள் இந்தப் படங்களின் மானத்தை நிறையவே வாங்கியிருக்கின்றன.

கருப்பு வெள்ளை என்றாலே எழுந்து போகிறவர்கள் வீட்டில் இருந்தால் நான்காம் படியில் தொடங்குங்கள், தவறில்லை. ஆனால் இங்கே திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: வண்ணம், பாட்டு, ஓர் அந்துப்பூச்சி

அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்து மோத்ராவிடம் போகலாம். மோத்ரா ஓர் அந்துப்பூச்சி. முட்டை, புழு, கூடு, சிறகு என்று எல்லாப் பருவங்களையும் திரையிலேயே கடக்கும். 1961இல் வந்த தனிப்படத்தில் தோக்கியோ கோபுரத்தில் சாய்ந்துதான் கூடு கட்டும். கோபுரம் திறந்து அப்போது மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

மோத்ராவை அழைப்பவர்கள் கையளவே உயரமுள்ள இரட்டைப் பெண்கள். 'தி பீனட்ஸ்' என்ற பெயரில் பாடிவந்த நிஜ இரட்டைச் சகோதரிகளே அந்த வேடத்தில் நடித்தார்கள். அவர்கள் பாடும் பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள், வரிகள் ஜப்பானிய மொழியில் இல்லை, இந்தோனேசிய மொழியில் இருக்கின்றன. மலாய் பேசும் மலேசியத் தமிழர்களுக்குப் பல சொற்கள் விளங்கும். மற்றவர்களுக்கும் ஒரு சொல் விளங்கும்: 'கெசக்தியான்' என்று வருகிறதே, அதற்குள் இருப்பது நாம் அறிந்த சக்திதான். தோக்கியோ ஸ்டூடியோவில் எடுத்த ஜப்பானியப் பாட்டில் அந்தச் சொல் வந்து விழுந்தபோது நான் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டேன்.

1961ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க நேரமில்லை என்றால் 1964இன் 'மோத்ரா வெர்சஸ் காட்ஸில்லா' ஒன்றே போதும். பழைய வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இது. கரை ஒதுங்கிய ராட்சத முட்டையை விலை கொடுத்து வாங்கி டிக்கெட் போட்டுக் காட்ட நினைக்கும் வியாபாரிகள்தான் கதையின் உண்மையான வில்லன்கள். காட்ஸில்லா வந்து சேரும் காட்சியைப் பாருங்கள். வெட்டவெளியான ஒரு மண்பரப்பு. மண் மெல்லப் புடைக்கிறது. முதலில் வெளியே வருவது வால். பிறகு முதுகு. கடைசியில் எழுந்து நின்று, நாய் தண்ணீரை உதறுவதுபோல மண்ணை உதறுகிறது. அதே படத்தில் நகோயா நகரத்துக் கோபுரத்தில் வால் சிக்கிக்கொள்ளும். கோட்டை அருகே கால் சறுக்கும். நகாஜிமாவின் காலைப் பார்க்கப் பழகியவர்களுக்கு இது விருந்து.

இதற்கு அடுத்து, அதே 1964 டிசம்பரில் வந்த கிடோரா படத்தைப் பார்த்தால் ஒரு திருப்பத்தை நேரில் காணலாம். மூன்று தலைப் பொன்னிற நாகம் வானிலிருந்து இறங்குகிறது. எதிர்க்க உதவி கேட்டு மோத்ரா, காட்ஸில்லாவிடமும் ரோடனிடமும் தூது போகிறது. மிருகங்கள் பேசிக்கொள்வதை இரட்டைப் பெண்கள் மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள். மனிதர்களுக்கு நாங்கள் ஏன் உதவ வேண்டும், அவர்கள் எப்போதும் எங்களைத் துன்புறுத்துகிறவர்கள்தானே என்பது காட்ஸில்லாவின் பதில். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. எப்படியோ சமாதானமாகி மூவரும் சேர்ந்து சண்டை போடுகிறார்கள். தண்டனையாக வந்த காட்ஸில்லா காவல்காரனாக மாறத் தொடங்குவது இங்கேதான். மறுவருடம் வேற்றுக்கிரகத்தில் வெற்றி நடனமே ஆடிவிட்டது. அது அந்நாளில் பிரபலமாக இருந்த ஒரு நகைச்சுவை மாங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், சைகை.

1962இன் 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா' ஜப்பானியப் பிரதி கிடைத்தால் இடையில் பார்க்கலாம். மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பார்வையாளர் சேர்க்க ஒரு ராட்சத மிருகம் வேண்டும் என்று ஆள் அனுப்புகிறார். இன்றும் காலாவதி ஆகாத கிண்டல். அமெரிக்கப் பிரதியில் காங் வெல்லும், ஜப்பானியப் பிரதியில் காட்ஸில்லா வெல்லும் என்று ஒரு கதை உலவுகிறது. பொய். முடிவு இரண்டிலும் ஒன்றுதான்.

நான்காம் படி: கோப்புகளும் குற்றவுணர்ச்சியும்

2016இன் 'ஷின் காட்ஸில்லா', 2023இன் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பாருங்கள். ஒரே மிருகம், இரண்டு எதிரெதிரான படங்கள்.

ஷின் காட்ஸில்லாவை ஹிதெயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் இயக்கினார்கள். 2011இன் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணுஉலை விபத்து மூன்றும் படத்தின் எலும்பில் இருக்கின்றன. கதாநாயகர்கள் அரசு அதிகாரிகள். ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த அறையில் இன்னொரு கூட்டம்; ஒவ்வொருவர் முகத்தின்கீழும் நீளமான பதவிப் பெயர். மிருகம் கரையேறாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் உறுதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது கரையேறிவிட்ட தகவல் வருகிறது. ஆற்றுவாயில் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் முதல் தோற்றம், பிதுங்கிய மீன்கண்களோடு தரையில் தவழ்வது, கேலியாகத் தெரியும்; சிரித்துக்கொள்ளுங்கள். அடுத்த அரைமணியில் சிரிப்பு எங்கே போனது என்று தேடுவீர்கள். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு நகர்வதற்குக் காத்திருந்தவர்கள் யாராக இருந்தாலும் இந்தப் படத்தோடு ஒட்டிக்கொள்ளலாம்.

இங்கே காட்ஸில்லா பெரும்பாலும் கணினியில் உருவானது. ஆனாலும் ஆள் இருக்கிறார். அதன் அசைவுகளுக்கு உடல் கொடுத்தவர் மன்சாய் நோமுரா, பல நூற்றாண்டுப் பழமையுள்ள கியோகென் மேடை நாடகக் கலைஞர். தோளை அசைக்காமல், அவசரமே இல்லாமல் அது நகரும் விதத்தைக் கவனியுங்கள்.

மைனஸ் ஒன் 1945இல் தொடங்குகிறது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட விமானி ஒருவன் இயந்திரக் கோளாறு என்று பொய் சொல்லி ஒரு தீவில் இறங்கிவிடுகிறான். அன்று இரவு காட்ஸில்லா வருகிறது. சுட வேண்டிய நொடியில் அவன் விரல் அசைவதில்லை. பிழைத்துவிட்டதற்கான வெட்கத்தோடு, எரிந்துபோன தோக்கியோவில் மிச்சப் படம் நடக்கிறது. போரில் எல்லாம் இழந்து பூஜ்யத்தில் நிற்கும் நாட்டை மிருகம் பூஜ்யத்துக்கும் கீழே தள்ளுகிறது என்பதே தலைப்பின் பொருள். இயக்குநர் தகாஷி யமஸாகியே தந்திரக் காட்சிகளுக்கும் பொறுப்பு; ஏறத்தாழ 35 பேர் கொண்ட குழு 610 ஷாட்டுகளைச் செய்தது. 2024இல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கார் கிடைத்தது. மரப்படகு ஒன்றை மிருகம் நீந்தித் துரத்தும் காட்சியைப் பெரிய திரையில் பாருங்கள். கடலோரத்தில் வளர்ந்தவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். இஃபுகுபேவின் பழைய மெட்டு எந்த இடத்தில் எழுகிறது என்றும் கேளுங்கள். 1954ஐப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அங்கே கிடைப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காது.

ஐந்தாம் படி: ஆமை

கமேரா என்றதும் வாயில் இரட்டைத் தந்தம் முளைத்த, கால்கள் இருக்கும் துவாரங்களிலிருந்து தீ கக்கி, சக்கரம்போலச் சுழன்று பறக்கும் ஆமையைக் காட்டுவார்கள். 1965இல் தொடங்கிய அந்தப் பழைய வரிசை குழந்தைகளுக்கானது. பெரியவர்கள் ஒன்று பார்த்தால் போதும். நான் அனுப்புவது ஷுசுகே கனெகோ இயக்கிய 1995, 1996, 1999 படங்களுக்கு. தந்திரக் காட்சிகள் ஷின்ஜி ஹிகுச்சி, பின்னாளில் ஷின் காட்ஸில்லாவின் இணை இயக்குநர்.

முதல் படத்தில் கியாவோஸ் என்ற பறவை அரக்கன் ஒடிந்த தோக்கியோ கோபுரத்தில் கூடு கட்டி, மாலை வெயிலில் சிறகை மடக்கி உட்கார்ந்திருக்கும். சிறிய மாதிரிகளை வைத்து எடுக்கும் மினியேச்சர் கலையில் அதைவிட அழகான ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. மூன்றாவது படம் யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்கிறது: காவலன் மிருகம் ஊரைக் காக்கச் சண்டை போட்டபோது அதன் காலடியில் செத்தவர்களின் பிள்ளைகள் அதை என்ன நினைப்பார்கள்? பெற்றோரை அப்படி இழந்த ஒரு பெண் கமேராவை வெறுத்தே வளர்கிறாள். மூன்றையும் வரிசை மாற்றாமல் பாருங்கள்.

மற்றவை, சுருக்கமாக

1971இன் ஹெடோரா படத்தைத் துணிச்சல்காரர்களுக்கு மட்டும் சொல்வேன். தொழிற்சாலைக் கழிவிலிருந்து எழும் சேற்றரக்கன், "சூரியனைத் திருப்பிக் கொடு" என்று ஒரு பாட்டு, நடுவே கார்ட்டூன், தீமூச்சை விட்டுப் பின்பக்கமாகப் பறக்கும் காட்ஸில்லா. தயாரிப்பாளர் தோமோயுகி தனாகா இதைப் பார்த்துக் கொதித்தார் என்று சொல்வார்கள். எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

1984 முதல் 1995 வரை வந்த ஏழு படங்களும் ஒரே தொடர்கதை. அதில் 1989இன் பியோலாண்டேயை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜாவோடு காட்ஸில்லாவின் உயிரணு கலந்த கதை, பொதுமக்களுக்கு வைத்த கதைப் போட்டியில் ஒரு பல் மருத்துவர் எழுதி அனுப்பியது. 1999 முதல் 2004 வரையிலான ஆறில், கனெகோ 2001இல் எடுத்ததைத் தேடிப் பாருங்கள்; வெள்ளை விழிகள் கொண்ட அந்தக் காட்ஸில்லாவுக்குள் போரில் இறந்தவர்களின் ஆவிகள் குடியிருக்கின்றன. 1969இல் வந்தது பழைய படத்துண்டுகளை நிறைய ஒட்டி எடுத்தது. நான் தரைதட்டியது அதில்தான். வீட்டில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போட்டுக்கொடுங்கள், ரசிப்பார்கள்.

இவ்வளவும் முடித்தபின்னும் பசி அடங்கவில்லை என்றால் 1966இன் அல்ட்ராமேன் தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது, த்சுபுராயாவின் சொந்த நிறுவனம் எடுத்தது. ஒவ்வொரு பகுதியும் அரைமணிக்கும் குறைவு. பத்தாவது பகுதியில் ஜிராஸ் என்று ஒரு மிருகம் வரும், கழுத்தைச் சுற்றி மஞ்சள் விசிறி மடிப்போடு. தோஹோவிலிருந்து இரவல் வாங்கிய காட்ஸில்லா உடைக்குத்தான் அந்த விசிறியைத் தைத்திருக்கிறார்கள். சண்டையின் நடுவே அல்ட்ராமேன் விசிறியைப் பிய்த்தெறிவார். எதிரே பழைய நண்பர் நிற்பார். அது இரண்டடி நடப்பதற்குள், உள்ளே இருப்பது நகாஜிமாதான் என்று காலைப் பார்த்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.